கிழிக்காத நோட்டு

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான். அரசு நடத்தும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் ஓவியத் தேர்வில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு இரண்டும் பாஸ் செய்திருக்கிறேன். கல்யாணம், குழந்தை என்று பல வருடம் பென்சிலைத் தொடவில்லை. போன வருடம் ஆசைப்பட்டு, 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள காட்டன் பேப்பர் வைத்த ஸ்கெட்ச் புக் ஒன்று வாங்கிப் பீரோவில் வைத்தேன். பதினோரு மாதமாகிறது, ஒரு கோடு போடவில்லை. தாள் கெட்டுவிடுமோ என்று பயம். சாதாரணத் தாளில் வரைந்தாலும் ரப்பர் வைத்து அழித்து அழித்து, கடைசியில் கிழித்துப் போடுகிறேன். போன மாதம் என் ஏழு வயது மகள் ஒரு யானை வரைந்தாள். தும்பிக்கை கோணலாகிவிட்டதென்று அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "நீயும் இப்படித்தானே பண்ணுவே" என்கிறாள். அந்தத் துண்டுகளை எடுத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு கிறுக்கல் நோட்டு வைத்துக்கொண்டால் இந்தக் குணம் போகும் என்கிறாள் தோழி. போகுமா? எல்லா வேலையிலும் எனக்கு இது கொஞ்சம் உண்டு, வரையும்போதுதான் அதிகம். அப்படியே ஆரம்பித்தாலும், முதல் பக்கத்தில் எதை வரைவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் தோழி சொன்னது சரி. நோட்டு உதவும். ஆனால் நோட்டு வாங்கி வைப்பதால் ஒன்றும் நடக்காது, அது உங்களுக்கே தெரியும். பதினோரு மாதமாக ஒன்று உங்களிடம் இருக்கிறதே. ஒரு நோட்டை எடுத்தால், ஒரு பக்கத்தைக்கூடக் கிழிக்காமல் கடைசிப் பக்கம் வரை போவதுதான் மருந்து. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முப்பத்தொரு வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு வார நாட்களில், பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில். பெரியவர்கள் வகுப்பில் அதிகம் தவிப்பவர் யாரென்று நினைக்கிறீர்கள்? பென்சில் பிடித்தே பழகாதவர் இல்லை. சின்ன வயதில் பரிசு வாங்கியவர்தான். பழகாதவர் கோணலாக ஒரு மாங்காய் வரைந்துவிட்டு, அட, மாங்காய் மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்படுவார். பரிசு வாங்கியவர் அதே மாங்காயை முக்கால் மணி நேரம் அழித்து, தாளின் மேல்தோல் உரிந்து பஞ்சாகும்வரை தேய்த்துவிட்டு, எனக்கு வரவில்லை டீச்சர் என்று எழுந்து போவார்.

உங்கள் கைக்குத் திறமை இருக்கிறது. அந்தக் கை வரைவதைத் தேர்வாக மட்டுமே கற்றிருக்கிறது, சிக்கல் அங்கேதான். போட்டியிலும் கிரேடு பரிட்சையிலும் கொடுப்பது ஒரே தாள். குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்து, முன்பின் தெரியாத ஒருவரின் கண்ணுக்கு அனுப்ப வேண்டும். அதில் சுத்தம் முக்கியம், வடிவத்தின் இருபக்கமும் ஒத்துவருவது முக்கியம். அந்தப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு வளைவை ஒரே மூச்சில் இழுக்கும் பலத்தை எனக்கும் அதுதான் கொடுத்தது. ஆனால் அதற்கு முன்னால் போட்டுப் பார்த்த நூறு தாளை யாரும் கேட்பதில்லை. நாளடைவில் நாமே அவற்றை மறந்து, எந்தத் தாளைக் கண்டாலும் விடைத்தாள் என்று நினைத்துக்கொள்கிறோம். 300 ஜி.எஸ்.எம். தாள் என்றால் கேட்கவே வேண்டாம். அது விலை கொடுத்து வாங்கிய விடைத்தாள்.

இனி ரப்பர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு முகத்தின் கன்னத்தை வரைகிறீர்கள். கோடு கொஞ்சம் வெளியே போய்விட்டது. அழித்துவிட்டு மறுபடி போடுகிறீர்கள். பெரும்பாலும் எங்கே போகும் தெரியுமா? அதே இடத்துக்குத்தான். கை பழைய வழியிலேயே போகும், கண்ணுக்கு முன்னால் வெறும் வெள்ளை. எதை வைத்து அளப்பது? அழிக்காமல் விட்டுப் பாருங்கள். தப்பான கோடு அங்கேயே இருக்கிறது. எதிரில் இருக்கும் முகத்தையும் அந்தக் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தால், இன்னும் ஒரு நூல் உள்ளே வரவேண்டும் என்று கண்ணே சொல்லும். இரண்டாவது கோட்டை அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் அழுத்திப் போடுகிறீர்கள். பார்ப்பவர் கண் அழுத்தமான கோட்டைத்தான் எடுத்துக்கொள்ளும். தப்புக் கோடு உங்களுக்கு அளவுகோலாக நின்று வேலை செய்திருக்கிறது. ரப்பர் அந்த அளவுகோலைத்தான் ஒவ்வொரு முறையும் பிடுங்கிப் போடுகிறது. பக்கத்தையே கிழிப்பது இன்னும் மோசம். அரை மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து பார்த்ததற்கான மொத்தச் சாட்சியமும் அதோடு போய்விடும்.

இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. லியனார்டோ டா வின்சி இளம் ஓவியர்களுக்காக எழுதி வைத்த குறிப்புகளில் ஒன்று இப்படிப் போகிறது: வெளியே போகும்போது சின்ன நோட்டு ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் பேசுவதை, சண்டை போடுவதை, சிரிப்பதைச் சில கோடுகளில் குறித்துக்கொள்ளுங்கள், அழிக்க முடியாதபடி அதன் தாள் நிறம் பூசியதாக இருக்கட்டும், தீர்ந்தால் புதியது எடுங்கள், பழையதைப் பத்திரமாக வையுங்கள். அழிக்க முடியாதபடி என்று அவரே சொல்கிறார், கவனித்தீர்களா? எலும்புச் சாம்பல் கலந்த பூச்சுப் பூசிய தாளில் வெள்ளிக் கம்பியால் கோடு போடும் முறை அன்று இருந்தது. போட்டால் போட்டதுதான், அழியாது.

குழந்தை இயேசு ஒரு பூனையைக் கட்டிப்பிடித்திருப்பது போல அவர் வரைந்து பார்த்த தாள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு என்று ஒரே கருப்பாகிக் கிடக்கும். அவர் கிழிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரிந்த கோடுகளில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே வரைந்திருக்கிறார். கவிஞர்கள் ஒரு வரிக்காக எத்தனை அடித்துத் திருத்துகிறார்கள், ஓவியனும் அப்படித்தான் தேட வேண்டும் என்பது அவர் கட்சி. கையில் அவ்வளவு வித்தை இருந்தவரே ஒரு பூனையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் தாளில் கோடு முதல் தடவையே சரியாக விழ வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது எனக்கு உங்களுக்காக வலிக்கிறது.

சரி, கடைக்குப் போவோம். பீரோவில் இருக்கும் அந்த விலை கூடிய புத்தகத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கோடு போடாத நோட்டு, நடுவில் நூல் தைத்ததாகவோ பின் அடித்ததாகவோ, பாதி ஏ4 அளவில் ஒன்று வாங்குங்கள். ஸ்பைரல் நோட்டு கூடவே கூடாது. அதில் பக்கம் உருவுவது சுலபம், கிழித்த தடமும் தெரியாது. உங்கள் கைக்கு அது ஆபத்து. தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் மறுபாதியில் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும். கிழிக்கக் கை போகும்போது அந்த ஜோடித் தாளுக்காகவாவது நிறுத்துவீர்கள். பென்சில் வேண்டாம், கருப்பு பால்பாயிண்ட் பேனா. லேசாகப் பிடித்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு வரும், அழுத்தினால் கருப்பாகும். நான் மேலே சொன்ன இரண்டாவது கோட்டுக்கு அதைவிடத் தோதான கருவி இல்லை. ரப்பரை மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவிடுங்கள்.

எதை வரைவது? வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர். ஒரு வாரம் முழுக்க அதே டம்ளர், ஒரு நாளைக்கு மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம், செல்போனில் மணி வைத்து. மணி அடித்ததும் பாதியில் இருந்தாலும் அடுத்ததுக்குப் போக வேண்டும்.

டம்ளரை ஏன் சொல்கிறேன் என்றால், வரைவதில் இருக்கும் பெரிய ஏமாற்று ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாருங்கள். டம்ளரின் வாய் முட்டை வட்டமாகத் தெரியும். அதை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அடிப்பக்கத்தை மட்டும் நேர்கோடாகப் போடுவார்கள். டம்ளர் மேசை மேல் ஆடாமல் நிற்கிறது, ஆகவே அடி தட்டைதான் என்று புத்திக்குத் தெரியும், கை அதை எழுதிவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதுவல்ல. அடி விளிம்பும் வளைந்துதான் தெரியும். நம் கண் மட்டத்திலிருந்து வாயைவிட அடி இன்னும் கீழே இருப்பதால், அங்கே வளைவு வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இதை நான் சொல்லிக் கேட்டால் இன்று ஞாபகம் இருக்கும், நாளை மறந்துபோகும். பத்தாவது டம்ளரில் நீங்களே கண்டுபிடித்தால் மறக்காது. முதல் ஒன்பதையும் கிழித்திருந்தால் பத்தாவது வந்திருக்காது; வந்திருந்தாலும், முதலாவதற்கும் பத்தாவதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒன்றையே திரும்பத் திரும்ப வரைவது ஆரம்பக்காரர் வேலை என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டு சமயத்தில் காந்தியைக் கருப்பு வெள்ளைக் கோட்டில் எத்தனையோ விதமாகத் தொடர்ந்து வரைந்தார். ஒரே முகம், ஒரே கண்ணாடி, ஒரே கைத்தடி. ஒவ்வொன்றிலும் கோடு வேறு.

இரண்டாவது வாரம் ஒரு பயிற்சி. இது உங்களைப் போன்றவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கும். உங்கள் இடது கையை மேசை மேல் வையுங்கள். பேனா முனையைத் தாளில் வைத்த பிறகு தாளைப் பார்க்கவே கூடாது. கண் கட்டைவிரல் நுனியிலிருந்து விளிம்போடு எறும்பு ஊர்வது போல் ஊரட்டும், பேனா அதே வேகத்தில் தாளில் ஊரட்டும். நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப்பள்ளியில் கற்பித்த கிமோன் நிகோலைடிஸ் இதை மாணவர்களுக்கு முக்கியப் பாடமாகவே வைத்திருந்தார். பேனா முனை தாளைத் தொடவில்லை, நீங்கள் பார்க்கும் பொருளையே தொட்டுக்கொண்டு போகிறது என்று நம்பச் சொல்வார். முடித்துவிட்டுப் பார்த்தால் விரல்கள் எங்கெங்கோ போயிருக்கும், கட்டைவிரல் மணிக்கட்டைத் தாண்டிக் கிடக்கும். ஆனால் ஒரு நகத்தின் ஓரமோ மூட்டின் சுருக்கமோ மட்டும் அச்சு அசலாக விழுந்திருக்கும், உங்கள் அழகான ஹையர் கிரேடு கோட்டில் ஒருநாளும் விழாதது. இதில் அழகாக வருவதற்கு வழியே இல்லை, அதனால் அழகாக வரவில்லையே என்ற துக்கமும் இல்லை. வகுப்பில் இதைச் செய்யும்போது பெரியவர்களின் தோள் தானாக இறங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு ஆட்கள். பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை வரிசை, மகளின் பள்ளி வாசல். மனிதர்கள் நமக்காக நிற்க மாட்டார்கள். பாதி வரைவதற்குள் திரும்பிவிடுவார், பஸ் வந்தால் ஏறிவிடுவார். பக்கத்தில் அரை உடம்பும் தலையில்லாத ஒரு முதுகும் பையைப் பிடித்த கை மட்டும் என்று கிடக்கும். கிடக்கட்டும். படிக்கிற காலத்தில் எங்களை ரயில்வே ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். மாலைக்குள் ஐம்பது ஸ்கெட்ச் கேட்பார்கள். ஐம்பது என்றால் ஒன்றையும் சீராட்ட நேரமிருக்காது. அந்த அவசரத்தில்தான் உடம்பின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இவ்வளவு சொல்கிறேனே, நானும் கிழித்தவள்தான். இருபத்தைந்து வயதில், சொந்தமாக ஒரு கண்காட்சி வைக்க வேண்டும் என்ற வெறியில், இரண்டு வருடப் பயிற்சித் தாள்களை மொட்டை மாடியில் வைத்துக் கொளுத்தினேன். என் ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தைக்காக. அவர் சொன்னது இன்று எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தத் தாள்களில் என் பாட்டி இருந்தாள். வெற்றிலை இடிக்கிற பாட்டி, கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்த பாட்டி, கண் ஆபரேஷன் முடிந்து பச்சைத் துணி கட்டிய பாட்டி. கோடு சரியில்லை, கை பெரிதாகிவிட்டது, மூக்கு அவள் மூக்கே இல்லை, எல்லாம் உண்மைதான். அடுத்த வருடம் அவள் போய்விட்டாள். அந்தக் கோணல் மூக்குக்கு இன்று நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அம்மா மட்டும் எதையும் எறிய மாட்டார். அவரிடம் ஒரு கோல நோட்டு இருந்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது. மார்கழி வருவதற்கு முன்பே பக்கம் பக்கமாகப் புள்ளி வைத்துப் போட்டுப் பார்ப்பார். சிக்குக் கோலத்தில் இழை எங்கோ பிசகினால் கோடு வந்த இடத்துக்கே திரும்பிச் சேராது. பாதியில் நின்ற கோலங்கள் அந்த நோட்டில் நிறைய. அவற்றின் மேல் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். பக்கத்திலேயே அடுத்தது ஆரம்பித்திருக்கும். பின் அட்டையில் பால் கணக்கு, ஓரங்களில் யார் வீட்டு வளைகாப்புக்கோ வைத்த மொய். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆங்கில ஓவியர் டர்னர் 1851இல் இறந்தபோது விட்டுச் சென்றவற்றில் ஏறக்குறைய 300 ஸ்கெட்ச் புக்குகள் இருந்தன. இன்று லண்டன் டேட் மியூசியத்தில் இருக்கின்றன. மலை, கப்பல், மேகம் எல்லாம் அவசரப் பென்சில் கோட்டில். கூடவே பயணச் செலவுக் கணக்கும், அரைகுறையாக நின்ற கவிதை வரிகளும். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மாவின் பால் கணக்குதான் ஞாபகம் வந்தது. உங்கள் நோட்டிலும் கணக்கு எழுதுங்கள். மளிகைச் சாமான் பட்டியல் எழுதுங்கள், டெலிபோன் பேசும்போது ஓரத்தில் கிறுக்குங்கள். வெண்டைக்காய் அரைக் கிலோ என்று எழுதியிருக்கும் பக்கத்தில் டம்ளர் கோணலாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது, உங்களுக்கும்.

நோட்டு தீரும்வரை யாருக்கும் காட்டாதீர்கள், படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். போடலாம் என்ற நினைப்பு வந்தாலே அது மறுபடி விடைத்தாளாகிவிடும். இன்னொன்று, நீங்கள் ரீல்ஸில் பார்க்கும் வரைபவர்கள்: மூன்று மணி நேர வேலையை நாற்பது நொடியாகச் சுருக்கியிருப்பார்கள், அதில் அவர்கள் கையை எடுத்துவிட்டு யோசித்த நேரம் முழுக்க வெட்டுப்பட்டுப் போயிருக்கும். தயங்காத கையைப் பார்த்துப் பார்த்து உங்கள் தயக்கத்தைக் குறையென்று நினைக்கிறீர்கள். அவர்களும் தயங்கியிருக்கிறார்கள்.

நல்லதாக வர வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஆசை நல்லது, அது இல்லாமல் இருபதாவது டம்ளர் வரை யாரும் போக மாட்டார்கள். அதை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் உட்கார வைக்காமல் மொத்த நோட்டின் மேல் வையுங்கள் என்கிறேன். மூன்று நோட்டு தீர்ந்த பிறகு பீரோவில் இருக்கும் புத்தகத்தைத் திறங்கள். அப்போது அந்தத் தாள் உங்களை மிரட்டாது.

எல்லா வேலையிலும் இந்தக் குணம் உண்டு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஆபீஸில் ஒரு மெயிலை அனுப்ப முடியாமல் திரும்பத் திரும்பப் படிப்பது, சின்னத் தவறுக்கு இரவெல்லாம் தூக்கம் போவது, உங்களையே மோசமாகத் திட்டிக்கொள்வது, இந்த அளவுக்கு இருந்தால் ஓவிய டீச்சரின் யோசனை போதாது. மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நோட்டு அதற்குக் கூடவே இருக்கட்டும்.

மகளைப் பற்றி. ஏழு வயதில் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்ததை வரைவார்கள். ஒன்பது, பத்து வயதில்தான் அசலைப் போலவே வர வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டும், நிறையப் பிள்ளைகள் வரைவதை நிறுத்துவது அப்போதுதான். அவளுக்குக் காலம் இருக்கிறது. அவளுக்கும் ஒரு தைத்த நோட்டு வாங்குங்கள். இரவு சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வரையுங்கள். அழகா இருக்கு என்று சொல்லாதீர்கள், திருத்தவும் வேண்டாம். யானை எங்கே போகிறது, அதன் காதில் ஏன் ஓட்டை என்று கேளுங்கள். கேட்டால் கதை வரும். உங்கள் கோணல் டம்ளர் அவள் கண்ணில் படட்டும், அதைக் கிழிக்காமல் நீங்கள் பக்கம் திருப்புவதும் படட்டும். அவளுக்கு மட்டும் நோட்டைக் காட்டலாம்.

முதல் பக்கத்தில் எதை வரைவது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் வரைய வேண்டாம். பீரோவில் வைத்திருக்கிறீர்களே, அந்த யானைத் துண்டுகள், அவற்றை எடுத்து மேசையில் வையுங்கள். ஆனால் படம் அவளுடையது, அதனால் முதலில் அவளிடம் கேளுங்கள்: "இதை என் நோட்டில் முதல் பக்கத்தில் ஒட்டிக்கட்டுமா?" சரி என்றால் பசையை அவள் கையில் கொடுங்கள். தும்பிக்கை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். மூன்றாம் பக்கத்தில் டம்ளரை ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓவிய ஆசிரியை